ஏழாவது பெயர்

“கொஞ்சம் இரும்மா, தம்பி எழுதிக்கிட்டு இருக்கு” என்றார் ஹம்சவேணி அக்கா. மதிப்பெண் சான்றிதழை நகல் எடுப்பதற்காக அவர் கடைக்குப் போயிருந்தேன். தம்பி என்று சொல்லும்படி உள்ளே யாரும் இல்லை. ஸ்டேப்ளரில் சாய்த்து வைத்த கைப்பேசி மட்டும் இருந்தது. அதன் திரையில் எழுத்துகள் தாமாகவே வரிவரியாக வந்துகொண்டிருந்தன.

“யாருக்கா தம்பி?” என்றேன்.

“இதுதான். ஏஐ. என்னத்தக் கேட்டாலும் எழுதித் தரும். எதுத்துப் பேசாது, டீ வாங்கப் போறேன்னு ஒரு மணி நேரம் காணாமப் போகாது.” கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என்னைப் பார்த்தார். “நீ நம்ம கோயில்ல மூணாவது பெஞ்சுப் புள்ளதான? பாட்டுப் புஸ்தகத்தத் தொறக்காமயே பாடுவியே.”

“ஆமாக்கா.”

“அப்ப இத வாசி. கோயில் வாசனை அடிக்குதான்னு சொல்லு.”

வாசித்தேன். சிறுவர்களுக்கான விடுமுறை வேதாகமப் பள்ளியின் அறிவிப்பு. ‘அன்பார்ந்த பெற்றோர்களே! உற்சாகமும் குதூகலமும் நிறைந்த பத்து நாள் அனுபவத்துக்குத் தயாரா?’ என்று தொடங்கி, மூன்று பலூன் படங்களோடு முடிந்திருந்தது.

“இல்லக்கா.”

“வேற என்ன வாசனை அடிக்குது?”

நான் சட்டென்று பதில் சொல்கிறவள் இல்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, “ஜவுளிக்கடை” என்றேன். “ஆடித் தள்ளுபடி.”

அவர் சிரித்த சிரிப்பில் கண்ணாடி நெற்றியிலிருந்து மூக்குக்கு இறங்கியது. “பேசாமடந்தைன்னுல நெனச்சேன்! உள்ள வந்து உக்காரு” என்றார். அன்று உட்கார்ந்தவள்தான். அந்தச் சான்றிதழ் இன்றுவரை நகலெடுக்கப்படவில்லை.

கப்பலூர் தொழிற்பேட்டைக்குத் திரும்பும் சாலையில், பஞ்சர் கடைக்கும் பரோட்டாக் கடைக்கும் நடுவே இருக்கிறது அவருடைய ஜெராக்ஸ் கடை. கடைக்குப் பின்னாலேயே வீடு. வீட்டுக்கென்று தனியாக ஒரு வாசல் உண்டு. ஆனால் அதைத் தாள் பண்டல்கள் இடுப்புயரத்துக்கு அடைத்துக்கொண்டிருக்கும். “வீட்டுக்குன்னு வாரவங்க யாரு? எல்லாரும் ஜெராக்ஸுக்கு வாரவங்கதான்” என்பார். கணவர் தேவசகாயம் அண்ணன் பேட்டையில் ரப்பர் கம்பெனியில் மெஷின் ஓட்டுகிறார். மெஷின் சத்தத்திலேயே இருபது வருடம் கழிந்துவிட்டதால் வீட்டில் எது கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டுவார்.

அக்கா முனிச்சாலைப் பக்கத்துச் சௌராஷ்ட்ரக் குடும்பத்துப் பெண். காதலித்து மணந்து, ஞானஸ்நானம் பெற்று எங்கள் சபைக்கு வந்தவர். சபைப் பதிவேட்டில் அவர் பெயர் அன்னாள். அந்தப் பெயரில் அவரைக் கூப்பிட்ட ஒரே ஆள், ஞானஸ்நானம் கொடுத்த போதகர்தான். அதுவும் ஒரே ஒரு தடவை. தாள் எண்ணும்போது சௌராஷ்ட்ரத்தில் எண்ணுவார். கைப்பேசியைத் திட்டுவதும் அதே மொழியில்தான். “தமிழ்ல வஞ்சா அதுக்குப் புரிஞ்சிரும். பாவம், மனசு நொந்துபோகும்.”

எங்கள் சபையார் நல்லவர்கள். ஆனால் எதையும் மறக்கமாட்டார்கள். சபைக்கு வந்த புதிதில் திருவிருந்து அப்பத்தை அக்கா ‘பிரசாதம்’ என்று சொல்லிவிட்டார். பதினெட்டு வருடங்களாக ஒவ்வொரு பண்டிகைச் சாப்பாட்டிலும் யாராவது ஒருவர் அந்தக் கதையைச் சொல்கிறார். எல்லோரும் அன்போடு சிரிக்கிறார்கள். அக்காவும் சிரிப்பார். சிரித்துவிட்டுத் தண்ணீர் ஜக்கை எடுத்துக்கொண்டு அடுத்த பந்திக்குப் போய்விடுவார்.

எங்கள் சபைக்கு ஒரு மாத மடல் உண்டு. நான்கு பக்கம். முதல் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வாசலில் கொடுப்பார்கள். யோபு ஐயா என்பவர் இருபத்திரண்டு வருடம் அதைத் தனி ஆளாக எழுதினார். போன பங்குனியில் அவர் மகளோடு ஓசூருக்குப் போய்விட்டார். எழுத யாரும் கை தூக்கவில்லை. கம்ப்யூட்டர் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக, அக்டோபர் வரை பார்ப்போம் என்று அக்காவிடம் கொடுத்தார்கள். அந்தக் கூட்டத்திலேயே மாசிலாமணி சார் எழுந்து, “சபைக்குன்னு ஒரு குரல் இருக்கு. அது ஜெராக்ஸ் கடையில வராது” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

மாசிலாமணி சார் மின்வாரியத்தில் மீட்டர் கணக்கெடுத்து ஓய்வு பெற்றவர். இன்றும் எந்தத் தாளையும் மீட்டரைப் பார்ப்பது போலக் கழுத்தை வளைத்துத்தான் பார்ப்பார். ஒவ்வொரு மடலையும் சிவப்புப் பேனாவால் திருத்தி, திங்கட்கிழமை காலை அக்காவின் கடைக் கதவிடுக்கில் செருகிவிட்டுப் போவார். அவர் சொன்ன வாக்கியத்தை அக்கா ஒரு தாளில் எழுதி, லேமினேட் செய்து, ஜெராக்ஸ் மெஷின் மேல் ஒட்டியிருந்தார். “அக்டோபர் கழிச்சும் இது என் கையிலதான் இருக்கணும்” என்பார் அதைத் துடைத்துக்கொண்டே. “பதினெட்டு வருசமா அந்தக் கோயில்ல ஜக்கு தூக்குறேன். ஒரு தடவையாவது பேனா தூக்கிட்டுப் போறேனே.”

ஆடித் தள்ளுபடி என்று நான் சொன்னதற்கு மறுநாளே வேலையை ஆரம்பித்துவிட்டார். யோபு ஐயாவின் இருநூற்று அறுபத்துநான்கு மடல்களையும் படமெடுத்து, “தம்பி, இந்த மாதிரி எழுது” என்று அதற்கு ஊட்டினார். மூன்று வாரம் ஆனது. தம்பி கற்றுக்கொண்டது. முற்றுப்புள்ளிக்கு அவசரப்படாத எட்டு வரி வாக்கியம் வந்தது. ‘கர்த்தருக்குச் சித்தமானால்’ வந்தது. ஜெனரேட்டர் பழுது பார்ப்பதைக்கூட, ‘கர்த்தருக்குச் சித்தமானால் வருகிற வியாழனன்று நமது ஜெனரேட்டர் தன் பழைய பெலனை அடையும் என்று விசுவாசிக்கிறோம்’ என்று எழுதியது.

சிக்கல் என்னவென்றால், கற்றதை அது கோயிலோடு நிறுத்தவில்லை. அக்கா தாள் சப்ளை செய்யும் சிவபாண்டிக்கு ஒரு புகார் எழுதச் சொன்னார். தம்பி, ‘மிகவும் அன்பான சிவபாண்டி அவர்களுக்கு, தாங்கள் அனுப்பிய பண்டல்களில் இரண்டு நனைந்துபோயின என்பதைக் கனத்த இருதயத்தோடு அறிவிக்கிறோம்’ என்று எழுதிக் கொடுத்தது. அக்கா படிக்காமலே அனுப்பிவிட்டார். ஐந்து நிமிடத்தில் சிவபாண்டி பதறிப்போய்க் கூப்பிட்டார். “அக்கா, வீட்ல யாரும் தவறிட்டாங்களா? இந்தா வாரேன், அண்ணனுக்கு ஒண்ணும் இல்லல்ல?”

எனக்கு அக்கா பரீட்சை வைப்பார். யோபு ஐயா எழுதிய பத்தி ஒன்று, தம்பி எழுதியது ஒன்று. இரண்டையும் கலந்து வாசித்து, எது யாருடையது என்று கேட்பார். ஜூலையில் ஐந்துக்கு ஐந்தும் சரியாகச் சொன்னேன். ஆகஸ்டில் மூன்று. செப்டம்பரில் ஐந்தும் தவறு. “நீ ஃபெயில், நான் பாஸ்” என்று பரோட்டாக் கடையில் சொல்லி எனக்கு ஒரு முட்டை பரோட்டா வரவழைத்தார். சிவப்புப் பேனாவும் அந்த மாதம் இரண்டே இடத்தில்தான் பட்டிருந்தது.

அக்டோபர் மடலின் கடைசிப் பக்கத்தில், எப்போதும் போல, ஜெபக் குறிப்பு. அந்த மாதம் சுகவீனமாக இருந்தவர்கள் ஆறு பேர். அந்த ஆறு பெயர்களைத்தான் அக்கா கொடுத்தார். யோபு ஐயாவோ ஒருநாளும் ஏழுக்குக் குறைந்து போட்டதில்லை. குறைந்தால் வெளியூர் உறவினர் யாரையாவது சேர்த்து ஏழாக்கிவிடுவார். தம்பி அதையும் கற்றிருந்தது. பழைய மடல்களில் இருந்த சபைக் குழு உறுப்பினர் பட்டியலில் கண்ணில் பட்ட ஒரு பெயரை எடுத்து, தானாகவே ஏழாவதைச் சேர்த்தது: ‘திரு. மாசிலாமணி அவர்கள் தமது பெலவீனத்தில் தாங்கப்பட.’ அக்கா வாசித்தார். நானும் வாசித்தேன். அத்தனை இயல்பாக இருந்ததால் இருவருமே அந்த வரியைத் தாண்டிப் போய்விட்டோம். நூற்றறுபது பிரதி அச்சானது.

எங்கள் சபையில் ஜெபக் குறிப்பில் பெயர் வந்துவிட்டால் என்ன ஏதென்று யாரும் விசாரிப்பதில்லை. நேராகப் போய்விடுவார்கள். அந்த ஞாயிறு மதியமே பெண்கள் சங்கத்திலிருந்து பதினோரு பேர், திராட்சையும் ரொட்டியும் ஹார்லிக்ஸுமாக மாசிலாமணி சார் வீட்டுக்குப் போனார்கள். சார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குள் நின்று பாசி தேய்த்துக்கொண்டிருந்தார்.

“இந்த நெலமையில ஏன் சார் மேல ஏறுனீங்க? மெதுவா எறங்குங்க!”

“எந்த நெலமையில? எனக்கு ஒண்ணும் இல்லம்மா.”

“அப்படித்தான் சார் சொல்லுவாரு. தைரியசாலி” என்று பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, தொட்டிக்குக் கீழேயே ஜெபத்தை ஆரம்பித்துவிட்டார்கள். சார் கையில் தேய்ப்பானோடு கண்ணை மூடினார். புதன்கிழமைக்குள் ஒன்பது ஹார்லிக்ஸ் பாட்டில் சேர்ந்தது. வியாழன் அவருக்கே சந்தேகம் வந்து, சர்க்கரை, ரத்த அழுத்தம் எல்லாம் பார்த்துவிட்டு வந்தார். எல்லாம் சரியாக இருந்தது. ஜெபம் கேட்கப்பட்டதென்று சபை முழுக்க ஸ்தோத்திரம்.

அக்கா அந்த வாரம் கடையைச் சரியாகத் திறக்கவில்லை. அடுத்த சனிக்கிழமை குழுக் கூட்டம். “போச்சு. தூக்கிருவாங்க” என்றார். “ஆனா அவரு கூட்டத்துல கேட்டு நான் சொல்றதவிட, நானே போய்ச் சொல்லிறலாம். கூட வா. நீ பேச வேணாம், நின்னாப் போதும்.”

நிற்பது எனக்குத் தெரியும். போனோம். மாசிலாமணி சார் கதவைத் திறந்து, எங்கள் கைகளைத்தான் முதலில் பார்த்தார். “நீங்களும் ஹார்லிக்ஸா?”

“இல்ல சார். உங்க பேரு தப்பா வந்திருச்சு. மெஷின் அதாச் சேத்துருச்சு. பாக்காம விட்டது நான். தப்பு என்னுதுதான்.”

சார் உள்ளே போய் மடலை எடுத்துவந்தார். முதல் மூன்று பக்கத்திலும் ஒரு சிவப்புக்கோடு இல்லை. கடைசிப் பக்கத்தில் மட்டும் அவர் பெயருக்கு அடியில் ஒரு கோடு. “பெலவீனம்னு போட்ருக்கு. என்ன பெலவீனம்னு ஒரு வாரமா யோசிக்கிறேன்” என்றார். பிறகு வாசல்படியைப் பார்த்தபடி, “இருபத்தாறு வருசமா இந்தச் சபையில இருக்கேன். இந்த வாசல்ல இம்புட்டுச் செருப்பு கெடந்து நான் பாத்ததில்ல.”

அக்கா மடலை வாங்கி அந்தக் கோட்டைப் பார்த்தார்.

“கூட்டத்துல சொல்லுவீங்களா சார்?”

“சொல்லத்தான் செய்வேன்” என்றவர், ஆளுக்கு ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கையில் திணித்து அனுப்பினார்.

சனிக்கிழமை சொன்னார். “இந்த மாச மடல்ல ஒரு தகவல் தப்பு. எனக்கு நோய் இல்ல. மத்தபடி, குரல் சரியா இருக்கு. அந்தம்மாவே எழுதட்டும்.” அக்காவும் எழுந்து நடந்ததைச் சொன்னார், மெஷினையும் சொன்னார், தன்னையும் சொன்னார். போதகர், இனிமேல் அச்சுக்கு முன்னால் இரண்டாவது ஆள் ஒருவர் பார்க்கட்டும் என்றார். இரண்டாவது ஆளாக, சிவப்புப் பேனாவோடு, யார் வந்தார் என்று சொல்ல வேண்டியதில்லை. இப்போது திங்கட்கிழமை கதவிடுக்கில் எதுவும் இருப்பதில்லை. சனிக்கிழமை மாலையே கடைக்கு வந்து உட்கார்ந்துகொள்கிறார். தம்பியையும் திருத்துகிறார். லேமினேட் செய்த அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, “இதக் கழட்டுனா என்ன?” என்று ஒருநாள் கேட்டார். “ஒட்டுனது வரமாட்டேங்குது சார்” என்றார் அக்கா. அக்கா அதை இழுத்துப் பார்த்து நான் பார்த்ததில்லை.

அக்கா ஒரு விதி வைத்திருக்கிறார். எதை எழுதினாலும் பெயர்களைத் தம்பி தொடக்கூடாது. ஜெபக் குறிப்பை மட்டும் நோட்டில் கையால் எழுதி என்னிடம் கொடுப்பார். நான் தட்டச்சு செய்வேன். நவம்பரில் அப்படிக் கொடுத்தபோது ஆறு பெயர்கள் இருந்தன. “ஆறுதானாக்கா?” என்று கேட்டேன்.

அவர் நகலெடுத்த தாள்களை அடுக்கிக்கொண்டே, “ஏழாவதுக்கு என் பேரப் போடேன்” என்றார்.

நிமிர்ந்து பார்த்தேன்.

“முட்டி வலிதான். பெருசா ஒண்ணுமில்ல. காரணம் போடாத. அன்னாள்னும் போடாத, அது யாருன்னு கேப்பாங்க. ஹம்சவேணின்னே போடு. கோயில் வாசனை அடிக்காட்டியும் பரவால்ல.”

போட்டேன். அவர் திரையைப் பார்க்கவில்லை. உள்ளே போய், வீட்டு வாசலை அடைத்திருந்த பண்டல்களை, வலிக்கும் முட்டியோடு ஒவ்வொன்றாகக் கடைப்பக்கம் இழுத்துப் போட ஆரம்பித்தார்.