மாமாவைக் காட்டிக்கொடுத்த பரிசோதனை

டாக்டர் அந்தக் கேள்வியைக் கேட்டபோது ஆஸ்பத்திரிக் கட்டிலில் மாமா, கால்மாட்டில் அத்தை, படிவமும் பேனாவுமாக நான். மாமாவின் திருப்பரங்குன்றத்துக் கூட்டாளி வரவில்லை. வந்திருந்தால் அன்றைக்கே குட்டு உடைந்திருக்கும்.

மூன்று வாரமாகக் காய்ச்சல். எக்ஸ்ரேயில் நுரையீரல் முழுக்க வெள்ளை படர்ந்திருந்தது. சளியில் டிபி இல்லை. போட்ட ஊசி எதற்கும் கேட்கவில்லை. ஆக்சிஜன் இல்லாமல் மாமாவால் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச முடியாது.

“கோழி, புறா ஏதும் வளக்குறீங்களா?”

மாமா என்னைப் பார்த்தார். புறாப் பந்தயத்தை விட்டாச்சு என்று அத்தையிடம் சூடம் அடித்துச் சத்தியம் செய்தவர். விற்றதாகச் சொன்ன பதினாறு புறாவும் கூட்டாளி வீட்டு மாடியில்தான் இருந்தன. தினமும் போய், குஞ்சுகளுக்குத் தானியத்தை மென்று வாயாலேயே ஊட்டுவார். எனக்குத் தெரியும். ஆனால் அத்தை பக்கத்தில் நிற்கிறாளே. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவன் நான், படித்தது பி.காம். புறாவுக்கும் நுரையீரலுக்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்து, ‘இல்லை’ என்று முத்து முத்தாக எழுதினேன்.

நுரையீரலுக்குள் குழாய் விட்டு, கழுவிய தண்ணீரை எடுத்துப் பெங்களூருக்கு அனுப்பினார்கள். அதில் கிடக்கும் மரபணுக்களை எல்லாம் படித்து, இன்ன கிருமி என்று சொல்லிவிடுவார்களாம். அத்தைக்குப் பொறுமையாக விளக்கினேன்.

“கிருமிக்கும் ஆதார் கார்டு இருக்குன்னு சொல்லு,” என்றாள்.

நாலாம் நாள் முடிவு வந்தது.

“பறவைகிட்ட இருந்து தொத்துற கிருமி. கிளி, புறா மாதிரி. வீட்டுல ஒண்ணும் இல்லைன்னு எழுதியிருக்கீங்க?” என்றார் டாக்டர்.

மாமா கண்ணை மூடித் தூங்க ஆரம்பித்தார். அத்தை அவரைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“வீட்டுல இல்ல டாக்டர்,” என்றேன். “கூட்டாளி வீட்டு மாடியில.”

“படிச்ச புள்ளையாச்சேன்னு பேனாவ உன்கிட்ட குடுத்தேன் பாரு,” என்றாள் அத்தை. “மாமனும் மருமகனும் சேந்து என் தாலிய அறுக்கப் பாத்திருக்கீக.”

மருந்தை மாற்றினார்கள். சாதாரண மாத்திரைதான். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. ஆக்சிஜனைக் கழற்றியதும் மாமா மெதுவாகக் கேட்டார்: “மாப்ள, இரை வச்சாகளா?”

“வச்சாக, வச்சாக,” என்றாள் அத்தை. “மாட்டாஸ்பத்திரி டாக்டரக் கூட்டிப் போயி மருந்தும் குடுத்தாச்சு. மருமகனே, அந்தச் செலவையும் சேத்து எழுது.”

எழுதிக் கூட்டினேன். கட்டில் வாடகை, ஆக்சிஜன், பெங்களூர்ப் பரிசோதனை, மாத்திரை, பதினாறு புறாவுக்கும் மருந்து: ஒரு லட்சத்துப் பதினோராயிரத்து நானூறு ரூபாய்.