ஓடுகிற பிள்ளையும் தெரபி மிஸ்ஸும்

பழைய சைக்கிள் டியூப் ஒன்றைக் கதிரையின் முன்னங்கால்களுக்குக் குறுக்கே இறுக்கிக் கட்டி, விரலால் சுண்டிப் பார்த்துவிட்டு, "இனி இருந்து பாருங்கோ" என்று என் தங்கச்சியைக் கூப்பிட்ட தெரபி மிஸ்ஸின் குரல் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. தங்கச்சி ஏறி இருந்தாள். அவளுடைய கால்கள் தாமாகவே டியூபைத் தேடிப் போய் உதைக்கத் தொடங்கின. கீழே கால்கள் உதைத்துக்கொண்டிருக்க, மேலே கையும் கண்ணும் கொப்பியில் நின்றன. அம்மா அப்படி ஒரு காட்சியை அதற்கு முன் கண்டதில்லை.

தெரபி மிஸ் என்றே அவரை எல்லோரும் அழைத்தோம். கொழும்பில் தொழில்வழிச் சிகிச்சை படித்தவர். யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வன்னிக்கு வந்து, ஆஸ்பத்திரியில் வேலை செய்தார். கையோ காலோ இழந்தவர்கள் மறுபடி தாமாகச் சாப்பிடவும் உடுக்கவும் எழுதவும் பழக்குவது அவருடைய வேலை. போர் நடந்த அந்த நாட்களில் அதற்கு ஆட்கள் குறைவில்லை. பிள்ளைகளுக்கென்று தனிப் பிரிவு எதுவும் அங்கே இருக்கவில்லை. தங்கச்சி மரத்தால் விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டதால்தான் நாங்கள் அவரிடம் போக நேர்ந்தது.

எங்கள் வீடு அளம்பில் என்ற ஊரின் கடற்கரையில். அப்பாவுக்குக் கரைவலை இழுத்து மீன் பிடிக்கும் தொழில். தங்கச்சிக்கு அப்போது ஒன்பது வயது. கிணற்றடிக்கு அனுப்பினால் வாளி ஓரிடத்தில் கிடக்கும், அவள் இன்னோர் இடத்தில் நிற்பாள். வகுப்பில் ரீச்சர் கரும்பலகைப் பக்கம் திரும்பினால் போதும், இவள் யன்னலால் வெளியே போய்விடுவாள். கத்தோலிக்கப் பிள்ளைகள் முதன்முதலாகத் திருவப்பம் வாங்கும் முதல் நன்மைக்கு அவள் ஆயத்தமான வருடம், பூசை நடுவே பீடத்தடிக்கு ஓடி, எரிகிற மெழுகுதிரியைத் தட்டி விழுத்தினாள். பீடத்துணி பற்றிக்கொண்டது. "அடுத்த வருசம் பாப்பம்" என்று பங்குச் சுவாமி சொல்லிவிட்டார். தைத்து வைத்திருந்த வெள்ளைச் சட்டையை அம்மா அலுமாரிக்குள் மடித்து வைத்தார். பெம்பிளைப் பிள்ளை இப்படி அடங்காமல் திரியுது என்று ஊர் கதைத்தது. அப்பா அடிப்பார். அடித்த இடத்துக்குப் பிறகு அவரே எண்ணெய் பூசிவிடுவார்.

கைக்குப் பயிற்சி கொடுத்த சில நாட்களில் மிஸ் அம்மாவைத் தனியே கூப்பிட்டார். "கை நல்லா வந்திட்டுது. ஆனா இவவைப் பற்றிக் கொஞ்சம் கதைக்கோணும்." அம்மா தலையைக் குனிந்துகொண்டார். இதற்கு முன் அப்படித் தொடங்கிய கதைகளெல்லாம் முறைப்பாட்டில்தான் முடிந்திருந்தன. "இது குழப்படி இல்லை அக்கா. இவவுக்கு எல்லாச் சத்தமும் ஒரே அளவில கேக்குது. எதைக் கவனிக்கிறது, எதை விடுறது எண்டு பிரிக்கேலாமல் நிக்கிறா."

அப்பா இதை நம்பவில்லை. "ரெண்டு அடி போட்டா எல்லாம் பிரியும்" என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மிஸ் சைக்கிளில் எங்கள் வீட்டுக்கே வந்தார். முற்றத்தில் அப்பா கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். கவிழ்த்த வாளியொன்றின் மேல் மிஸ் அவரை இருக்கச் சொன்னார். கைகளில் தடித்த காலுறைகளை மாட்டிவிட்டார். "இனிப் பொத்துங்கோ அண்ணை" என்றார். என்னை அப்பாவின் காதுக்குள் பள்ளிக்கூடப் பாடத்தை வாசிக்க வைத்தார். தங்கச்சிக்குத் தகரமும் தடியும் கிடைத்தன. மிஸ் சொன்னபடி அம்மா, கடையில் என்னென்ன சாமான் வாங்க வேண்டும் என்று அப்பாவிடம் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தார். வழக்கமாகக் கண்ணை மூடிக்கொண்டே முடிச்சுப் போடக்கூடிய அப்பாவின் கை தடுமாறியது. ஊசி நழுவியது. வாளி ஆடியது. "வாயை மூடுங்கோ எல்லாரும்" என்று கத்தினார்.

தகரச் சத்தம் நின்றது. மிஸ் சிரிக்கவில்லை. "உங்களுக்குக் கொஞ்ச நேரம்தான் அண்ணை. இவவுக்கு விடிஞ்சாப் பொழுதுபட்டா இதுதான்."

அப்பா காலுறைகளைக் கழற்றி மடியில் வைத்தார். "அப்ப நான் அடிக்கிறதும் இன்னொரு தகரச் சத்தம்தானே, மிஸ்" என்றார். அதன்பிறகு அவர் அவளை அடிக்கவில்லை.

எல்லாம் ஒரே நாளில் மாறிவிடவில்லை. பள்ளிக்கூடம் போகுமுன் தங்கச்சி இரண்டு வாளி ஈரமணலைக் கரையிலிருந்து முற்றத்துக்குத் தூக்கி வர வேண்டும். பாரம் தூக்கினால் உடம்பு அமரும் என்றார் மிஸ். ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் சொல்ல வேண்டும். ரீச்சரும் டியூப் கட்டிய கதிரையை முன் வரிசையில் போட ஒத்துக்கொண்டார். சில கிழமைகள் நன்றாகப் போகும். பிறகு ஒரு நாள் டியூபை அறுத்துவிட்டு ஓடிவிடுவாள். மிஸ் புதிய டியூபோடு வருவார். இன்று நான் வாழும் நகரத்தில் இத்தகைய பிள்ளைகளுக்கென்றே ஊஞ்சலும் மெத்தையும் போட்ட அறைகள் இருக்கின்றன. அந்த இயல்புக்கு ஒரு பெயரும் இருக்கிறது. தங்கச்சிக்கு அதைத் தொலைபேசியில் சொன்னபோது, "பேர் நீளமாக் கிடக்கு, பிறகு சொல்லு, மீன் லொறி வந்திட்டுது" என்று வைத்துவிட்டாள். இப்போது கிளிநொச்சியில் மீன் வியாபாரம் அவளுடையது. ஓரிடத்தில் நில்லாத தொழில்.

அந்த மறுவருடம் முதல் நன்மை நெருங்கியபோது மிஸ் சுவாமியைப் போய்ப் பார்த்தார். மிஸ் சைவ சமயம். வேதக் கோவில் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று கேட்டார்.

"பூசை எவ்வளவு நேரம் சுவாமி?"

"ஒரு மணித்தியாலத்துக்குக் கூட வரும்."

"எனக்கே கஷ்டம். நடுவில அவவுக்கு ஒரு வேலை குடுக்கேலாதோ?"

சுவாமி யோசித்தார். பூசையில் நன்மை அப்பத்தை உயர்த்திக் காட்டும் வேளையில் வெளியே தொங்கும் பெரிய மணியை அடிப்பது வழக்கம். "மணி அடிக்கலாம், ஆனா கயிறு பாரம்" என்றார்.

"அதுதான் வேணும் சுவாமி."

அன்று தங்கச்சி அந்த வெள்ளைச் சட்டையோடு முன்வரிசையில் நெளிந்து நெளிந்து இருந்தாள். நேரம் வந்ததும் எழுந்து வெளியே நடந்தாள். ஓடவில்லை. கயிற்றைப் பிடித்து முழு உடம்பாலும் தொங்கினாள். மணி மேலே இழுத்தபோது அவளுடைய கால்கள் நிலத்தை விட்டுக் கிளம்பின. மூன்று முறை அடித்தால் போதும். அவள் நிறுத்தவில்லை. சுவாமி உயர்த்திய கைகளை இறக்காமல் காத்துக்கொண்டு நின்றார். அவர் முகத்தில் சிரிப்பு இருந்தது. அப்பா குனிந்து கண்ணைத் துடைத்தார்.

வியர்த்து வழியத் திரும்பி வந்தவள் முதல் நன்மை வாங்கி, பூசை முடியும்வரை இருந்தாள். பிறகு நேரே வெளியே போய், பூவரசின் கீழே சைக்கிளோடு நின்ற மிஸ்ஸிடம் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள். கயிறு பட்டுச் சிவந்திருந்தன.

"நோகுதோ?"

"ஓம் மிஸ். இன்னொருக்கா அடிக்கட்டோ?"