ஐந்நூறு குடம் மழை

எங்கள் வீட்டு முற்றத்துக்கு சிமென்ட் போடச் சொன்ன புத்திசாலி நான்தான். திருவொற்றியூர் மண் கடல் மணல். எவ்வளவு மழை பெய்தாலும் சத்தமில்லாமல் குடித்துவிடும். அதைக் காசு கொடுத்து மூடினேன். செருப்பில் மணல் ஒட்டுகிறது என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. வீடு நிறையப் புத்தகம் வைத்திருப்பவன் செய்கிற காரியமா என்று கேட்பீர்கள். அவன்தான் செய்வான்.

அடுத்த மழைக்கு முற்றத்துத் தண்ணீர் நேராகக் கீழ்வீட்டுக்குள் போனது. அங்கே குடியிருக்கும் அம்மா இட்லி மாவு அரைத்து விற்பவர். கிரைண்டர் மோட்டார் நனைந்து புகைந்தது.

"இன்னொரு தபா இப்டி ஆச்சுன்னா வூட்ட காலி பண்ணிகினு பூடுவேன் சார். எனுக்கு நீச்சல் தெரியும், மோட்டாருக்குத் தெரியாது."

கொத்தனாரை அழைத்தேன். மூலையில் குழி எடுத்து, கிணற்றுக்கு இறக்குவதுபோல மூன்று சிமென்ட் உறை இறக்கினால் தண்ணீர் மண்ணுக்குள் போய்விடும் என்றார். "எல்லா வூட்லயும் அதான் சார்."

எனக்குக் கணக்கு வேண்டியிருந்தது. ஒரு சதுர மீட்டர் தரையில் ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தால் ஒரு லிட்டர். இதை ஐம்பது வயதுக்கு மேல் தெரிந்துகொண்டவனுக்கே வரக்கூடிய கர்வத்தோடு தரையில் சாக்பீஸால் எழுதினேன். முற்றம் அறுபது சதுர மீட்டர். ஐந்து சென்டிமீட்டர் மழை என்றால் ஐம்பது மில்லிமீட்டர். ஆக மூவாயிரம் லிட்டர்.

கொத்தனாரும், எட்டிப் பார்க்க வந்த மாவு அம்மாவும் மரியாதைக்குத் தலையாட்டினார்கள். லாரித் தண்ணீருக்கு வரிசையில் நிற்கும் ஊரில் லிட்டருக்கு யார் மயங்குவார்கள்? "இருநூறு குடம்," என்றேன்.

மாவு அம்மா கொத்தனார் பக்கம் திரும்பினார். "இரநூறு கொடம் மூணு உறைல எங்கய்யா அடங்கும்? இன்னா பேசினுகீற நீ?"

கொத்தனார் அசரவில்லை. அண்ணாந்து பார்த்தார். "அது சரி சார், மொட்ட மாடி பைப்பு எங்க ஊத்துது?"

முற்றத்தில்தான். நூறு சதுர மீட்டர் மாடியை நான் சேர்க்கவே இல்லை. காலால் அழித்துவிட்டு மறுபடி எழுதினேன்: எட்டாயிரம் லிட்டர். ஐந்நூறு குடத்துக்கும் மேல். ஒரு குழி இரண்டானது. மூன்று உறை போய், இரண்டுக்கும் சேர்த்து இருபது உறை இறங்கியது.

கார்த்திகையில் ஒரு ஞாயிறு மதியம் மழை பிடித்துக்கொண்டது. வெட்டவெளியில் ஒரு பிஸ்கட் டின்னை வைத்துவிட்டு, படியில் குடையோடு உட்கார்ந்தேன். மாவு அம்மா கிரைண்டரை ஸ்டூல் மேல் ஏற்றி வைத்துக் காவல் நின்றார். பைப் கொட்டியது. முற்றம் கணுக்கால்வரை நிறைந்தது, குழிப்பக்கம் நகர்ந்தது, சுழன்று இறங்கியது. அவர் வாசற்படியை ஒரு சொட்டுகூடத் தாண்டவில்லை. மழை விட்டதும் டின்னில் ஸ்கேல் விட்டுப் பார்த்தேன்: ஐந்து சென்டிமீட்டர், கொஞ்சம் கூடவே. ஒரு நகரத்தைக் காப்பாற்றியவனைப்போல நனைந்த வேட்டியோடு எழுந்து நின்றேன்.

மாவு அம்மா கிரைண்டரைக் கீழே இறக்கினார். தன் வீட்டுக்குள் காய்ந்து கிடந்த தரையை ஒருமுறை பார்த்தார், என்னை ஒருமுறை பார்த்தார்.

"கரீட்டா சொன்ன சார். அஞ்சூறு கொடம். அதுல ஒரு கொடமாவது புடிச்சு வெச்சியா? லாரி வந்து மூணு நாளாவுது."