பட்டு போர்த்திய லேத்

அரக்கு நிறப் பட்டு, கையகல ஜரிகைக் கரை. தொழிற்சாலை ஒன்று எங்கள் பொறியியல் கல்லூரிக்குக் கொடுத்த, கணினியில் ஓடும் கடைசல் இயந்திரத்தைத் திறந்து வைத்த நாளில் அதன் மேல் போர்த்தியிருந்த துணி அது. லேத் என்போம் நாங்கள். காஞ்சிபுரத்தில் எதைத் திறந்தாலும் பட்டு வேண்டும், சரி. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, கைதட்டி, படமும் எடுத்த பிறகு அதே பட்டை மறுபடி போர்த்தி மூடினார்களே, அதை நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஆய்வுக் குழு வந்தால் விலக்குவோம். ஆயுதபூஜைக்குச் சந்தனம் வைப்போம். மாணவர்கள் அதன் படத்தை நோட்டில் வரைந்து மதிப்பெண் வாங்கினார்கள். தொழில்துறைத் தொடர்புப் பொறுப்பாளன் என்று கதவில் பெயர் மாட்டிக்கொண்டு நானும் வேடிக்கை பார்த்தேன்.

அந்த லேத்தை ஓட்டத் தெரிந்த ஒரே ஆள் அதைத் தூசி தட்டிக்கொண்டிருந்தார். வாலாஜாபாத்திலிருந்து வரும் ஆய்வக உதவியாளர்; லேப் அக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் பல வருடம் இதே மாதிரி இயந்திரத்தில் நின்றவர். முனைவர் பட்டம் வாங்கிய எங்களுக்கோ அதை நிறுத்தும் பொத்தான்கூட எதுவென்று தெரியாது. “அத்தி வரதராச்சும் நாப்பது வருசத்துக்கு ஒருவாட்டி வெளிய வர்றாரு சார். இது எப்ப வரும்னு கேட்டுச் சொல்லுங்க” என்பார். நான் சிரித்து மழுப்புவேன்.

ஒரு சனிக்கிழமை அவரே பட்டை மடித்து வைத்துவிட்டு, கேட்டு வந்த நான்கு மாணவிகளை ஓட்ட விட்டார். அடுத்தடுத்த சனிக்கிழமைகளிலும் விட்டார். ஒருநாள் வெட்டும் முனை உடைந்தது. பழகுகிற கையில் உடையாமல் வேறு எங்கே உடையும்? நிர்வாகம் குதித்தது. விசாரணைக் குறிப்பு எழுதும் வேலை என்னிடம் வந்தது. ‘அனுமதியின்றி இயக்கினார்’ என்று எழுதினேன். அந்த ஒரு வரியில் அவர் வேலை போயிற்று.

அடுத்த மாதமே அதே தொழிற்சாலை ஆள் எடுக்க வந்தது. “நாங்க குடுத்த மெஷின்ல நீங்க என்ன செஞ்சீங்க?” என்று ஒரே கேள்விதான் கேட்டார்கள். வகுப்பே விழித்தது. அந்த நான்கு பெண்கள் மட்டும் தாங்கள் கடைந்த துண்டுகளை மேசைமேல் எடுத்து வைத்தார்கள், வேலை கிடைத்தது. ‘தொழில்துறையோடு கைகோத்த கல்லூரி’ என்று பேருந்து நிலையத்தில் பேனர் கட்டினோம். அதில் என் படமும் இருந்தது. வெட்கங்கெட்ட படம்.

போன வாரம் லேப் அக்கா போனில் பேசினார். குரலில் கோபமே இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. “நாலு மாசமா அலைஞ்சிக்கினு இருக்கேன் சார். எந்த கம்பெனிக்குப் போனாலும் காலேஜ்ல விசாரிக்கிறாங்க. காலேஜ்ல நீங்க எழுதுனதப் படிச்சுக் காட்டுறாங்க. நான் என்னா பண்ணட்டும், நீங்களே சொல்லுங்க.”

மறுநாள் முதல்வரிடம் கடிதம் கொடுத்தேன், அனுமதி கொடுத்தது நான்தான் என்று. பொய்தான். அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டிய பொய்.