மெமரி லிமிட்டுக்கு நான் வைத்த இரண்டு பெயர்கள்

செல்வியின் வேலை போனது என்னால்தான். பிழை என்னுடையது, பழியை அவள் தலையில் கட்டினேன்! இதை உங்களிடம்தான் முதன்முதலாகச் சொல்கிறேன்.

மஞ்சூர்ப் பக்கம் ஒரு தேயிலை ஃபாக்டரி. கொழுந்து எடைபோடும் கம்ப்யூட்டருக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்தவன் நான். அதை இயக்கியவள் செல்வி. இலங்கையிலிருந்து திரும்பி வந்த தோட்டக் குடும்பம். அந்த வீட்டில் கூடை சுமக்காமல் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்த முதல் ஆள் அவள்தான்.

மென்பொருளில் எடை, தரம் என இரண்டு பகுதிகள். ஒவ்வொன்றும் எவ்வளவு நினைவகம் எடுத்துக்கொள்ளலாம் என்ற வரம்பை அதனதன் கோப்பில் எழுத வேண்டும். தரத்தில் அதற்கு ‘மெமரி லிமிட்’ என்று பெயர் வைத்தேன். எடையில் ‘மேக்ஸ் மெமரி’. ஏன்?... காரணமே இல்லை! அன்றன்று தோன்றியதை வைத்தேன். பெயர் மாறினால் மென்பொருள் எச்சரிக்கவும் செய்யாது. பழைய வரம்பிலேயே ஓடும்.

“ரெண்டுக்கும் ஒரே பேரு வெச்சுடுங்க சார். அவசரத்துல மாறிப் போயிருமுங்க” என்று ஒருமுறை சொன்னாள். சிரித்து மழுப்பிவிட்டேன்.

தேயிலை விலை படுத்துக் கிடந்த காலம். ஆள் குறைக்க முதலாளி சாக்குத் தேடிக்கொண்டிருந்தார். மழை விட்டு இலை குவிந்த ஒரு காலை, நினைவகம் போதாமல் எடைப் பகுதி நின்று நின்று போனது. குன்னூரில் இருந்த நான் செல்வியிடம் போனில் சொன்னேன்: “எடைக் கோப்புல மெமரி லிமிட்டை ரெண்டு மடங்காக்குங்க.”

சொன்ன பெயரிலேயே ஒரு வரி எழுதினாள். பலன் இல்லை. எடை விழாமல் மூட்டையை இறக்க மாட்டார்கள். லாரிகள் வரிசையாக நின்றன. நான் போய்ச் சேர்வதற்குள் கொழுந்து சூடேறிச் சிவந்துவிட்டது. கொண்டுவந்த விவசாயிகள் அதைப் பள்ளத்தில் கொட்டினார்கள்.

கோப்பைத் திறந்ததும் புரிந்தது: போனில் நான் சொன்னது தரப் பகுதியின் பெயரை. அவள் எழுதிய வரியை அழித்தேன். சரியான பெயரை எழுதினேன். எடை ஓடியது.

“என்ன ஆச்சு?” என்றார் முதலாளி.

“பேரைத் தப்பா எழுதிட்டாங்க.”

எவ்வளவு சுலபமாக வந்தது அந்தப் பொய்! உண்மையைச் சொன்னால் எனக்குப் போவது ஒரு வாடிக்கை மட்டும்தானே... அவளுக்கு? செல்வி என்னையே பார்த்தாள். மறுவாரம் அவளை நிறுத்திவிட்டார்கள்.

சில வருடம் கழித்து குன்னூர் பஸ் ஸ்டாண்டில் எதிர்ப்பட்டாள். தினக்கூலிக்குக் கொழுந்து பறிக்கிறாளாம், விரல்களில் கறை. ஓடி ஒளியலாமா என்று நினைத்தேன். அதற்குள் அவளே அருகில் வந்தாள்.

“மன்னிச்சுக்குங்க சார். நீங்க சரியாத்தான் சொல்லியிருப்பீங்க, நான்தான் பதட்டத்துல மாத்தி எழுதிட்டேன். உங்களுக்கும் கெட்ட பேரு வாங்கிக் குடுத்துட்டேனுங்க.”

“பரவாயில்லைங்க” என்றேன்.

கேட்டீர்களா... நான் அவளை மன்னித்தேன்!