செலஸ்டின் மூடியைத் திறக்க விடவில்லை

செலஸ்டின் இறந்துவிட்டான். நேற்று காலை வேலைக்குக் கிளம்பி, வாசலில் பைக்கை எடுக்கும்போதே சரிந்து விழுந்திருக்கிறான்.

நாற்பத்து மூன்று வயது. ஹார்ட் அட்டாக் என்கிறார்கள்...

பழைய ஃபேக்டரி நண்பர்கள் சிலருக்கு இன்னும் தெரியாது, அதனால் எழுதுகிறேன். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மெயின்டனன்ஸில் இருந்தான். தூத்துக்குடிப் பக்கத்துக்காரன், வேலைக்கு என்று ஓசூர் வந்து இங்கேயே தங்கிவிட்டான். என்னைவிட நாலு வயது சின்னவன், அதனால் அவனுக்கு நான் "அண்ணாச்சி".

சரியான பயந்த சுபாவம். மெயின் ஸ்விட்சை ஆஃப் பண்ணிப் பூட்டுப் போட்ட பிறகும், மெஷினில் கை வைக்கும் முன் திரும்பப் போய் அந்தப் பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்ப்பான். கேன்டீன் வாசலில் நாய் படுத்திருந்தால் பின்பக்கமாகச் சுற்றி வருவான்.

ஷிஃப்டில் நாங்கள் வைத்த பெயர் "பயில்வான்". கூப்பிட்டால் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பான்.

போன வருஷம் ராகி அறுவடை சமயம். ஜவளகிரி தாண்டி, காட்டை ஒட்டி எங்கள் நிலம். என் சின்ன டிராக்டர் பத்து நிமிஷம் ஓடினாலே ஹீட் ஆகி மீட்டர் முள் சிவப்புக்குப் போனது. செலஸ்டினிடம் சொன்னேன்.

"ஞாயித்துக்கிழம பூசை முடிச்சுட்டு வாறேன் அண்ணாச்சி. ஆனா... அங்க ஆன வரும்பாங்களே?"

"பகல்ல எங்கப்பா வருது, நீ வா" என்றேன்.

வந்தான். கூலி ஆட்கள் மத்தியானமே போய்விட்டார்கள், நாங்கள் இரண்டு பேர்தான். கதிரடிக்கிற மிஷினை டிராக்டரில் மாட்டி ஓட்டிக் காட்டினேன். கொஞ்ச நேரத்தில் பானட் இடுக்கில் ஆவி சீறியது.

உடனே இன்ஜினை நிறுத்தி, சாவியை உருவித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். "மொதல்ல கழுத்துல கெடக்க துண்ட எடுங்க. ஃபேன் இழுத்துச்சுன்னா கழுத்தோட போயிரும்."

இன்ஜின்தான் நின்றுவிட்டதே... ஆனாலும் நான் துண்டை எடுத்த பிறகுதான் குனிந்தான்.

ஃபேன் பெல்ட் தொளதொளவென்று கிடந்தது. ரேடியேட்டர் முகப்பில் ராகித் தூசி கம்பளி மாதிரி அப்பியிருந்தது. "காத்தே உள்ள போவல, பெறவு எப்படி சூடு எறங்கும்?" என்றான்.

அப்போதுதான் ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் மெசேஜ் வந்தது. ஏரிக்கு மேற்கே நாலு யானை, கூட ஒரு குட்டி.

எங்கள் நிலம் ஏரிக்கு மேற்கேதான். மணி நாலரை.

நடந்து போகலாம் என்றால் ஒரு கிலோமீட்டர் வண்டிப் பாதை, இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு உண்ணிச் செடி. உள்ளே யானை நின்றால் பக்கத்தில் போகும்வரை தெரியாது.

குடத்துத் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு ரேடியேட்டர் மூடியைத் திறக்கப் போனேன். ஊற்று, ஸ்டார்ட் பண்ணு, ஓடு... அவ்வளவுதான் புத்தியில் இருந்தது.

செலஸ்டின் என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டான். "தொறக்காதீய! கொதிக்கிற தண்ணி மூஞ்சில அடிக்கும், கண்ணு போயிரும்."

"ஆன வந்துட்டா இன்னாபா பண்றது? உடு கைய!"

"உங்களவிட எனக்குத்தான் பயம் அண்ணாச்சி. இருந்தாலும் தொறக்கக் கூடாது. ஆறட்டும்."

அரை மணி நேரம். அதற்குள் டைனமோ போல்ட்டை இளக்கி, கம்பியால் நெம்பி, பெல்ட்டை இறுக்கினான். ஸ்பேனர் இரண்டு தடவை அவன் கையிலிருந்து நழுவியது. நான் பிரஷ்ஷால் தூசியைத் தள்ளிக்கொண்டிருந்தேன்.

மூங்கில் பக்கம் கிளை முறிகிற சத்தம் கேட்டது. நான் பிரஷ்ஷை நிறுத்தினேன். அவன் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது, ஜெபம்.

கடைசியில் மூடி மேல் ஈரச் சாக்கைப் போட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் திருகினான். புஸ்ஸென்று மிச்ச ஆவி போனது. தண்ணீரை ஊற்றி, மூடியை இறுக்கி, சாவியை என்னிடம் கொடுத்தான்.

மிஷினைக் கழற்றி அங்கேயே போட்டுவிட்டுக் கிளம்பினோம். மட்கார்டில் உட்கார்ந்து வழி முழுக்க முள்ளையே பார்த்தான், காட்டுப் பக்கம் திரும்பவே இல்லை. "ஏறல அண்ணாச்சி... ஏறல..."

ஒரு யானையையும் நாங்கள் பார்க்கவில்லை. மறுநாள் போனபோது கதிரடிக்கிற மிஷின் குப்புறக் கிடந்தது, சுற்றிலும் காலடித் தடம். ராகிப் போர் பாதிதான் இருந்தது.

நேற்று அவன் வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி ரெஜினா என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார். "கடைசியா உங்ககிட்டத்தான் போன்ல பேசியிருக்காவ. என்ன சொன்னாவ அண்ணாச்சி?"

"சும்மாதாம்மா... ஷிஃப்ட் விஷயம்" என்றேன்.

பொய்.

முந்தாநாள் சாயங்காலம் கூப்பிட்டான். "நெஞ்சு ஒரு மாதிரி அடைக்கு அண்ணாச்சி. பயமா இருக்கு. ஆஸ்பத்திரிக்குப் போவட்டுமா?"

நான் சிரித்தேன். "உனக்கு எதுக்குத்தான்பா பயம் இல்ல? கேஸா இருக்கும், ஒரு சோடா குடிச்சிட்டுப் படு" என்றேன்.

அவனும் சிரித்துவிட்டு வைத்துவிட்டான்.

ரெஜினாம்மா... உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லப் பயமாக இருந்தது. இப்போதும் பயமாகத்தான் இருக்கிறது, அதனால்தான் இங்கே எழுதுகிறேன். இதைப் படித்துவிட்டு என்னை வர வேண்டாம் என்று நீங்கள் சொன்னால், கல்லறைத் தோட்டத்துக்கு வெளியே ரோட்டில் நின்றுகொள்கிறேன்.

நாளை பத்து மணிக்கு அடக்கம். ஷிஃப்டில் இருப்பவர்கள் பர்மிஷன் போட்டுவிட்டு வாருங்கள்.

செலஸ்டின்... பயப்படாம போப்பா.