பார்க்காமலே சொன்ன ‘ஆச்சு’

துபாய்க்கு வெளியே ஒரு துப்பாக்கி சுடும் கிளப்பின் ஒர்க்‌ஷாப்பில் வேலை செய்கிறேன். உறுப்பினர் ஒருவர் புதிதாக வாங்கிய, போல்ட் என்ற கைப்பிடியை இழுத்து மூடிச் சுடும் ரைஃபிளைக் கொண்டுவந்தார். குண்டுகள் ஒரே இடத்தில் விழவில்லையாம். தோளில் அணைத்துப் பிடிக்கும் மரக்கட்டையை மாற்றி, லேசாகத் தொட்டாலே சுடும்படி புது டிரிகர் வைக்கச் சொன்னார். வைத்தேன்.

போல்ட்டை வேகமாக மூடினால் அந்த அதிர்வில் துப்பாக்கி தானாகச் சுடுகிறதா என்று பார்க்கும் சோதனையை மட்டும் செய்யவில்லை. எங்கள் தங்குமிடத்துக்குப் போகும் கேம்ப் பஸ் கிளம்பும் அவசரம்.

“செக் பண்ணியாச்சாப்பா?” என்று கேட்டார் சீனியர் காதர் பாய்.

“ஆச்சு பாய்.”

நம்பி ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் காலை அந்த உறுப்பினர் குண்டைப் போட்டு போல்ட்டை மூடியதுமே, டிரிகரைத் தொடாமலே வெடித்தது. குழல் மண்மேட்டைப் பார்த்திருந்ததால் எல்லோரும் தப்பித்தோம். கையெழுத்து பாயுடையது என்பதால் மேனேஜர் அவரைத் திட்டி, ஒர்க்‌ஷாப்பிலிருந்தே மாற்றிவிட்டார். நான் பக்கத்தில் வாய் திறக்காமல் நின்றேன்.

மூன்றாம் நாள்தான் மேனேஜரிடம் உண்மையைச் சொன்னேன். பாய் திரும்பி வந்தார்.

“அன்னிக்கே சொல்லியிருக்கலாம்லப்பா?” என்று மட்டும் கேட்டார். 

இப்போது குண்டில்லாத துப்பாக்கியின் போல்ட்டைப் பாயின் கண்முன்னே பலமுறை அடித்து மூடிக் காட்டிய பிறகே ரிஜிஸ்டரை நீட்டுகிறேன். அவரும் தன் கையால் ஒருமுறை மூடிப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுகிறார். முன்பெல்லாம் என் வார்த்தையே அவருக்குப் போதுமாக இருந்தது.